பாடநூலின் மூலையில் இருக்கும் கறுப்புக் கட்டங்கள்

ஆறாம் வகுப்பு அறிவியலில் கணினிப் பாடம் வந்தால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். கரும்பலகையில் படம் வரைவோம். விசைப்பலகையும் சுட்டியும் உள்ளீடு, திரையும் அச்சுப்பொறியும் வெளியீடு, நடுவே மையச் செயலகம் என்று பாகம் குறிப்போம். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் 'அ' என்று தட்டினால் அந்த எழுத்து பெட்டிக்குள் எந்த உருவத்தில் போய் உட்காருகிறது என்று ஒரு குழந்தை கேட்டால், நாம் வரைந்த படத்தில் அதற்கு விடை இல்லை. கணினியின் பாகங்களைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கணினி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்கக் கணினி ஆய்வகம் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை, மின்சாரம்கூட வேண்டாம். 2018 முதல் நம் புதிய பாடநூல்களில் அச்சாகி வரும் கியூஆர் கோடு போதும். அதைக் காணொளிக்குப் போகும் வழியாக மட்டுமே நாம் பயன்படுத்தி வருகிறோம். உண்மையில் அந்தச் சிறு சதுரமே ஒரு முழுக் கணினிப் பாடம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது, 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அக்காவோ ஷிஃப்டு வேலைக்குப் போகிறவர்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேனரால் காட்டுவதும், 'பீப்' சத்தம் கேட்டால் அடுத்ததை எடுப்பதும் அவர்கள் வீட்டுப் பேச்சில் அடிபடும் விஷயங்கள். அந்த 'பீப்' சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்து வேலைக்குப் போவது ஒன்று, தெரியாமல் போவது வேறொன்று.

கியூஆர் கோடு பிறந்ததும் இப்படிப்பட்ட இடத்தில்தான். ஜப்பானில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்கள் செய்வது. அங்கே பாகப் பெட்டிகளில் பார்கோடு ஒட்டியிருப்பார்கள். ஒரு பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துகள்தான் அடங்கும் என்பதால் ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகள் தேவைப்பட்டன. நாள் முழுவதும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் அலுத்துப்போனார்கள். இதற்கு வழி காண மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவரது சிறு குழுவும் 1994-ல் உருவாக்கியதுதான் கியூஆர் கோடு. கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' விளையாட்டு அவருக்கு யோசனை தந்ததாகச் சொல்வார்கள். நிறுவனம் காப்புரிமையை வைத்துக்கொண்டு, யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. அதனால்தான் இன்று அது டீக்கடை வரை வந்திருக்கிறது.

இனி வகுப்பறைக்கு வருவோம்.

முதலில் மாணவர்களுக்குப் புரிய வேண்டியது: கணினிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். கறுப்பு அல்லது வெள்ளை, உண்டு அல்லது இல்லை, 1 அல்லது 0. அப்படியானால் நம் 247 எழுத்துகளை அதற்கு எப்படிச் சொல்வது? எட்டுக் கட்டங்கள் இருந்தால் 256 விதமாகக் கறுப்பு வெள்ளை தீட்டலாம். 256 என்பது 247-ஐவிடப் பெரிது, ஆகவே எட்டுக் கட்டங்கள் போதும். இதை நாம் சொல்லிவிடாமல் மாணவர்களே கண்டுபிடிக்க விடுவது நல்லது. ஒரு கட்டத்துக்கு 2 வழி, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8 என்று அவர்களே ஏறிப்போவார்கள். கணக்கு ஆசிரியருக்கு அடுக்குக்குறிப் பாடமும் இதில் நடந்துவிடும்.

எழுத்துகளுக்கு எண் கொடுப்போம். உயிர் 12-க்கும் 1 முதல் 12 வரை, ஆய்தம் 13, மெய் 14 முதல் 31 வரை. 'க' 32, 'கா' 33 என்று உயிர்மெய் வரிசை 247-ல் முடியும். எட்டு மாணவர்களை வரிசையாக உட்கார வையுங்கள். இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று ஆளுக்கொரு அட்டை. எழுந்து நின்றால் கறுப்பு, உட்கார்ந்திருந்தால் வெள்ளை. நிற்பவர்களின் அட்டைகளைக் கூட்டினால் எழுத்தின் எண் கிடைக்கும்.

'ஒரகடம்' என்று எழுதிப் பார்ப்போம். ஒ என்பது 10, ஆகவே 8-ம் 2-ம் நிற்க வேண்டும். ர என்பது 164, அதற்கு 128, 32, 4. க என்பது 32, ஒரே ஆள் நின்றால் போதும். ட என்பது 80, அதற்கு 64, 16. ம் என்பது 23, அதற்கு 16, 4, 2, 1. இதையே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம் என்று தீட்டினால் 40 கட்டங்களில் ஊர்ப்பெயர் வந்துவிடும். இந்தக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பெயர் பிட், எட்டு சேர்ந்தால் பைட். வரையறையை முதலில் எழுதிப்போட்டுப் பாடத்தைத் தொடங்குவதைவிட, கட்டம் தீட்டிய பிறகு பெயரைச் சொன்னால் மறக்காது. பெயரின் முதல் எழுத்தைத் தீட்டி அடுத்தவரைக் கண்டுபிடிக்கச் சொல்வது நான்காம், ஐந்தாம் வகுப்புக்கும் பொருந்தும்.

இரண்டாவது கருத்து, கணினி தன் பிழையைத் தானே பார்த்துக்கொள்ளும் விதம். நம் பாடங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. என் கருத்தில் பாகம் குறிப்பதைவிட இது பத்து மடங்கு முக்கியம்.

மேலே தீட்டிய ஐந்து வரிசைகளின் வலப்பக்கம் ஒன்பதாவது கட்டம் ஒன்று சேருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு அதைத் தீட்டுங்கள் அல்லது வெள்ளையாக விடுங்கள். பிறகு கீழே ஆறாவது வரிசை ஒன்று சேர்த்து, மேலிருந்து கீழாகவும் எல்லாம் இரட்டைப்படையாக வரச் செய்யுங்கள். இப்போது நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். ஒரு மாணவர் வந்து ஏதேனும் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றட்டும். திரும்பிப் பார்த்தால் ஒரு வரிசையிலும் ஒரு நெடுக்கையிலும் கறுப்பு ஒற்றைப்படையாக இருக்கும். அவை வெட்டிக்கொள்ளும் கட்டம்தான் மாற்றப்பட்டது. வகுப்பு மந்திரம் என்று நினைக்கும். ரகசியத்தை உடனே சொல்லிவிட வேண்டாம், ஒருநாள் விட்டுவிடுங்கள். கரும்பலகையில் அழித்து எழுதுவதைவிட, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக 54 அட்டைகள் வெட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் உதவும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பிஸ்கட் உறையின் பார்கோடுக்குப் போகலாம். அதன் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். கடைசி இலக்கம் பொருளைக் குறிப்பதல்ல, முன்னுள்ள பன்னிரண்டையும் சரிபார்ப்பது. 890123456789 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8+0+2+4+6+8=28. இரட்டை இடங்களில் உள்ளவை 9+1+3+5+7+9=34; அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. யாராவது 1, 2 என்பதை 2, 1 என்று மாற்றித் தட்டினால் கூட்டல் 132 ஆகிவிடும், இயந்திரம் ஏற்காது. வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவரச் சொன்னால் ஆளுக்கொரு கணக்கு கிடைக்கும். இங்கே ஒரு திருத்தமும் சொல்லலாம். 890-ல் தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று பரவலாக நம்புகிறார்கள். அந்த எண் இந்திய அமைப்பிடமிருந்து பெறப்பட்டது என்பதே அதன் பொருள், பொருள் எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. கைபேசியில் *#06# தட்டினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணிலும் கடைசி இலக்கம் இப்படிச் சரிபார்ப்பதுதான், விதி மட்டும் வேறு. கைபேசி செய்யும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியுமா? ஆனால் அவரவர் எண்ணைப் பலகையில் எழுத வைக்க வேண்டாம்.

பார்கோடு தவறு இருப்பதை மட்டும் சொல்லும். கியூஆர் கோடு, நம் அட்டை விளையாட்டைப் போலத் தவறைத் திருத்தவும் செய்யும். 1960-ல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் தந்த முறை அதற்குள் இருக்கிறது. எவ்வளவு சேதத்தைத் தாங்க வேண்டும் என்பதில் நான்கு நிலைகள் உண்டு: ஏறக்குறைய 7, 15, 25, 30 விழுக்காடு. ஆலையில் எண்ணெயும் தூசும் படும் ஸ்டிக்கருக்கு அது தேவைப்பட்டது. பாடநூலின் கியூஆர் கோடில் நடுப்பகுதியில் சிறு காகிதத் துண்டை வைத்து மறைத்துக் கைபேசியைக் காட்டிப் பாருங்கள், படித்துவிடும். துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி எங்கே நிற்கிறது என்று மாணவர்களே குறிக்கட்டும். அடுத்து மூலைச் சதுரம் ஒன்றை மறையுங்கள். சின்ன மறைப்புதான், ஆனாலும் பெரும்பாலும் தோற்றுவிடும். அந்த மூன்று சதுரங்களும் தகவல் அல்ல, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கேமராவுக்குச் சொல்லும் அடையாளம். நடுவழியே எந்தப் பக்கம் கோடு போட்டாலும் கறுப்பு 1, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1 என்ற விகிதம் வரும். அச்சிட்ட தாள்களில் தற்செயலாக மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடித்தான் ஹாராவின் குழு இதைத் தேர்ந்தது. அளவுகோல் வைத்து அளந்து பார்க்கலாம்.

இந்த இடத்தில் உள்ளீடு, செயல், வெளியீடு என்ற பழைய படத்துக்குத் திரும்பினால் அதற்கு உயிர் வந்திருக்கும். கேமரா கட்டங்களைப் பார்ப்பது உள்ளீடு. எண்ணாக்குவதும் பிழை திருத்துவதும் செயல். திரையில் பாடம் திறப்பது வெளியீடு.

பணம் செலுத்தும் கியூஆர் கோடையும் பேசாமல் விடக் கூடாது. 2016-ல் யுபிஐ வந்தபின் பெற்றோர் கையில் தினமும் புழங்குவது அதுதான். கட்டத்துக்குள் பணம் எதுவும் இல்லை, பெறுபவரின் முகவரி மட்டுமே இருக்கிறது என்பது மாணவர்களுக்கு இப்போது எளிதில் புரியும். அதனால்தான் கடை ஸ்டிக்கர்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டி ஏமாற்ற முடிகிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் தட்டவோ தேவையில்லை, யாராவது அப்படிக் கேட்டால் அது மோசடி. இதை வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். முதல் சம்பளம் வாங்கிய அக்காவின் கணக்கு காலியாகாமல் இருக்க ஏழாம் வகுப்புத் தங்கை சொல்லும் ஒரு வார்த்தை உதவலாம்.

ஆய்வகம் திறந்திருக்கும் நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாம் போட்ட 1 முதல் 247 வரையான எண்கள் வகுப்புக்கு மட்டுமானவை. உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடில் 'அ' 2949, 'க' 2965. அங்கே 'கி' ஓர் எழுத்தல்ல. 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. தட்டச்சில் 'கி' அடித்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் குறி மட்டும் போய் 'க' நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். 'ம்' என்பதும் மகரமும் புள்ளியுமாக இரண்டு. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றதும் இந்தக் காரணத்தால்தான்.

கியூஆர் கோடு உருவாக்கும் இலவசத் தளம் ஒன்றில் 'உரை' என்ற வகையைத் தேர்ந்து, 'ஒரகடம்' என்று தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் உருவாக்கி அச்செடுங்கள். பிழை திருத்தும் நிலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக் கட்டங்களை எண்ணச் சொன்னால், இயல்பான அமைப்பில் ஆங்கிலத்துக்கு 21, தமிழுக்கு 25 வரும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் எழுதும்போது ஐந்து எழுத்துதான், ஆனால் யூனிகோடு கணக்கில் ஆறு, அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். குறைந்த எழுத்துள்ள சொல் ஏன் பெரிய கட்டம் கேட்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பின் முன் கேள்வியாக வைக்கலாம். 'ம்' பற்றி முன்பே பேசியிருந்தால் 18, 8 என்ற எண்களை அவர்களே எழுதிக் காட்டுவார்கள்.