பாலைப்பழக் காலத்தில் வில்பத்து

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்துவிட்டால் காடுகளை நாடிச் செல்லும் குடும்பங்களின் தொகை பெருகிவிடுகின்றது. நகரத்துப் புழுக்கத்தை விட்டுப் பிள்ளைகள் சில நாட்கள் விலகியிருப்பது நல்லதே. எதைப் பார்ப்பதற்காகச் செல்கின்றோம் என்பதுதான் கேள்வி.

1938 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வில்பத்துவுக்குப் பெயர் தந்தவை அங்குள்ள 'வில்லு'கள், அதாவது மழைநீர் தேங்கும் இயற்கைத் தடாகங்கள். வெயில் ஏறத் தடாகங்கள் வற்றும். எஞ்சிய நீரை நாடி மான்களும் மரைகளும் கரைக்கு வரும். அடுத்து வரும் மாதங்களில் பாலை பழுக்கும்போது கரடிகள் மரமேறும். உதடுகள் ஒட்டிக்கொள்ள அப்பழத்தை உண்ட வன்னி மக்களுக்கு அதன் சுவையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், சிறுத்தை தென்பட்டதென ஒரு தகவல் கிடைத்ததும் ஜீப்கள் புழுதி கிளப்பி விரைகின்றன. சிறுத்தை மறைந்துவிடுகின்றது, மான்களும் கலைந்துவிடுகின்றன.

யுத்தத்தினால் 1988 இல் மூடப்பட்டு 2003 இல் திறக்கப்பட்ட பூங்கா இது. 2006 மே மாதம் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உள்ளிட்டோர் இங்கு பலியாகினர். மீண்டும் மூடப்பட்ட வாயில்கள் 2010 இலேயே திறந்தன. அத்தனை காலம் காத்திருந்த நமக்கு அரைமணி நேரம் பெரிதன்று. வில்லுக் கரையில் இயந்திரத்தை நிறுத்திவைக்குமாறு சாரதியிடம் கேட்டுப் பாருங்கள்.