திருட்டு கேஸ் பாதியில் நிற்கிறது... வெளிநாடு போக முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஹாஸ்டலில் காணாமல் போன செல்போன், சூப்பர் மார்க்கெட் பில்லிங்கில் வந்த சண்டை, பழைய ரூம்மேட் கொடுத்த புகார்... எப்படியோ ஒரு திருட்டு வழக்கில் உங்கள் பெயர் ஏறிவிட்டது. ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போய் வந்ததோடு சரி. அதன் பிறகு சம்மனும் வரவில்லை, போனும் வரவில்லை. இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. டிக்கெட் போடலாமா?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார் ஒருவர். "ஏர்போர்ட்லயே பிடிச்சுடுவாங்க" என்பார் இன்னொருவர். கேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் இரண்டு பேரையும் நம்ப முடியாது.

கேஸ் எங்கே நிற்கிறது?

புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டார்களா, எஃப்.ஐ.ஆர். பதிவானதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துவிட்டதா? முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தேடலாம். இ-கோர்ட்ஸ் ஆப்பில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்தால், வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். வக்கீல் மூலம் நேரில் விசாரிப்பது இன்னும் உறுதி.

சம்பவம் 2024 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு. அதற்கு முன்பு என்றால், பழைய ஐ.பி.சி. 379. இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புதிய சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை குற்றம், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவை மட்டுமே.

பாஸ்போர்ட் கிடைக்குமா?

1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(f) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது. 'நீதிமன்றத்தில்' என்ற சொல் இதில் முக்கியம். வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதோ விசாரணை நடப்பதோ இந்தப் பிரிவுக்குள் வராது, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டால்தான் நிலுவை என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் விளக்கம் கொடுத்துவிட்டது.

நீதிமன்றத்துக்குப் போய்விட்டாலும் கதவு மூடிவிடாது. 1993-ம் ஆண்டு அரசாணைப்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கொடுப்பார்கள்.

விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, பாஸ்போர்ட் முடக்கம் என்று தனிப் பிரச்னை கிளம்பும்.

ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா?

எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே யாரையும் இமிக்ரேஷனில் நிறுத்துவதில்லை. உங்கள் பெயரில் லுக் அவுட் சர்க்குலர் இருந்தால்தான் நிறுத்துவார்கள். கைதுக்குப் பயந்து தலைமறைவாக இருப்பவர்கள், சம்மனுக்கும் வாரண்டுக்கும் வராதவர்கள் பெயரில்தான் பொதுவாக இதைப் போடுவார்கள்.

ஜாமீனில் இருப்பவர்கள் ஜாமீன் உத்தரவை எடுத்துப் படிக்க வேண்டும். 'அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது' என்றோ, 'ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்' என்றோ ஒரு வரி இருந்தால், அதைத் தளர்த்தச் சொல்லி மனு போட்ட பிறகுதான் டிக்கெட்.

விசா படிவத்தில் என்ன எழுதுவது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் டி.எஸ்.-160 படிவம், தண்டனை பெற்றீர்களா என்பதோடு, எப்போதாவது கைதானீர்களா என்றும் கேட்கிறது. கனடா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா என்றும் சேர்த்துக் கேட்கிறது. கேள்வியில் என்ன சொல் இருக்கிறதோ அதற்கு உண்மையான பதில் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகல், நீதிமன்ற ஆவணங்களை இணைப்பதுதான் பாதுகாப்பு. கனடாவில் பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டு தடை. சின்ன வழக்கைவிட அதை மறைத்ததற்கான விலை அதிகம்.

'ஃபைன் கட்டி முடிச்சிடலாம்' - சரியா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் யோசனை இது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு முடியும். ஆனால், அது குற்றவாளி என்ற தீர்ப்பு. சமூக சேவையும் அப்படித்தான். செய்யாத திருட்டை விமான டிக்கெட்டுக்காக ஒப்புக்கொண்டால், பிறகு வரும் விசா படிவங்களிலும் வேலை சரிபார்ப்புகளிலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழிகள் உண்டு. சாதாரணத் திருட்டு வழக்கைப் பொருளின் உரிமையாளர் சம்மதத்துடன் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அது விடுதலைக்குச் சமம். புகாரில் அடிப்படையே இல்லை என்றால், வழக்கை ரத்து செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தையோ மதுரைக் கிளையையோ அணுகலாம்.

ஆனால், வேலை பார்க்கும் இடத்திலோ வீட்டிலோ நடந்த திருட்டுக்குத் தனிப் பிரிவுகள், 7 ஆண்டு வரை தண்டனை. உங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

மூணு வருஷம் ஆனா தானா போயிடுமா?

போகாது. 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு 3 ஆண்டு என்பது உண்மை. ஆனால், பி.என்.எஸ்.எஸ். 514-ம் பிரிவின்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான தேதிதான் கணக்கு. எஃப்.ஐ.ஆர். காலத்தோடு பதிவாகிவிட்டால், குற்றப்பத்திரிகை பிறகு தாமதமாகவும் வரலாம்.

நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது அது வந்தால்? சம்மன் பழைய முகவரிக்குப் போகும். யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்து வாரண்ட். பிறகு லுக் அவுட் சர்க்குலர்கூட வரலாம். தங்கை கல்யாணத்துக்கு ஊர் திரும்பும் நாளில்தான் உங்களுக்கே விஷயம் தெரியும்.

எனவே, கிளம்புவதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து, மாதம் ஒரு முறை வழக்கின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு முகவரியில் சம்மனை வாங்க ஆள் இருப்பதை உறுதிசெய்யுங்கள். காவல் துறை வழக்கைக் கைவிட்டுவிட்டதாக யாராவது சொன்னால், அதற்கான இறுதி அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'முடிஞ்சுடுச்சு' என்று ஸ்டேஷனில் வாயால் சொன்னதை எந்தத் தூதரகமும் ஏற்காது.