காப்புரிமையை எதிர்க்கலாம், தரவு உரிமையை?

வர்த்தக ஒப்பந்தம் என்றதும் பேச்சு சுங்க வரிக்குப் போய்விடுகிறது. நோயாளி கவனிக்க வேண்டியது அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தை. ‘டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி’ எனும் தரவுப் பிரத்யேக உரிமை அதில் இடம்பிடித்துவிட்டால், மருந்து விலைக்கு எதிராக இந்தியச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் பாதுகாப்புகள் பெருமளவு செல்லாக்காசாகிவிடும்.

மூல மருந்தின் நகலாகப் புதிதாக வரும் ஜெனரிக் மாத்திரைக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் மறுபடி சோதனை நடத்துவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலருக்கு மூல மருந்தையும் ஜெனரிக்கையும் வெவ்வேறு நாளில் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்த மாதிரி எடுத்து, இரண்டும் ஒரே அளவில் ரத்தத்தில் சேர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சேர்ந்தால், மூல மருந்தின் சோதனை முடிவுகளை நம்பி அரசு அனுமதி தருகிறது. அப்படிச் சில ஆண்டுகளுக்கு நம்பக் கூடாது என்று தடுப்பதே தரவு உரிமை. காப்புரிமையே பெறாத மருந்தையும் இது தனியுடைமை ஆக்கிவிடும். அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஜோர்டானில் இதுதான் நடந்தது. 2001-க்குப் பின் அறிமுகமாகி, காப்புரிமை இல்லாத 103 மருந்துகளை ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு ஆராய்ந்து 2007-ல் அறிக்கை தந்தது. அவற்றில் குறைந்தது 79 சதவீதத்துக்குத் தரவு உரிமை காரணமாக ஜெனரிக் போட்டியே இல்லை.

காப்புரிமை என்றால் போராட வழி உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். பெடாகுலின் என்ற காசநோய் மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட இரண்டாவது காப்புரிமையை, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். ஒருவர் மும்பைக்காரர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காப்புரிமை வழங்கிய பிறகும்கூட, உரிமையாளரின் சம்மதமின்றி வேறு நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதிக்கும் கட்டாய உரிமம் இருக்கிறது. 2012-ல் நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனத்துக்கு அப்படி உரிமம் கிடைத்ததும், மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது. தரவு உரிமைக்கு இப்படியொரு எதிர்ப்பு மனு கிடையாது. கட்டாய உரிமம் வாங்கிய நிறுவனம்கூட, விற்பனை அனுமதி கிடைக்காமல் வாசலிலேயே நிற்க நேரும்.

கோடிகளைக் கொட்டிச் சோதனை நடத்தியவருக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; அந்தப் பலனுக்காகத்தான் 20 ஆண்டுக் காப்புரிமை இருக்கிறது. வேண்டுமானால் ஜெனரிக் நிறுவனமே சோதனை நடத்தட்டும் என்பதை ஏற்க முடியாது. பலன் தரும் என்று தெரிந்த மருந்தை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது அறமல்ல. விட்டுக்கொடுக்காவிட்டால் ஒப்பந்தமே கைநழுவும் என்ற அச்சத்துக்கும் அனுபவம் பதில் சொல்லிவிட்டது. ஆசிய-பசிபிக் நாடுகளின் ‘ஆர்செப்’ வர்த்தக ஒப்பந்தப் பேச்சில் ஜப்பானும் தென்கொரியாவும் இதை முன்வைத்தது கசிந்த வரைவுகளில் தெரிந்தது. நோயாளி அமைப்புகள் பல நாடுகளில் எதிர்த்தன. 2019-ல் இந்தியா விலகியது. 2020-ல் மற்ற 15 நாடுகள் கையெழுத்திட்ட இறுதி வடிவில் அந்தக் கோரிக்கை இல்லை.

நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை என்பதால், கையெழுத்தாகும் முன்பே கேட்டாக வேண்டும். ‘தரவுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் வரும் தரவு உரிமை, ‘காப்புரிமைக் கால நீட்டிப்பு’ இரண்டும் வரைவில் உண்டா என்று உங்கள் எம்.பி. மூலம் அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். வர்த்தக அமைச்சகத்துக்கும் எழுதுங்கள். காப்புரிமைகளை எதிர்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. 2024 காப்புரிமை விதித் திருத்தம் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்து, மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் பார்க்கும் படியையும் சேர்த்திருக்கிறது. ஆனாலும் வெளியான விண்ணப்பங்களைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நோயாளி அமைப்புகள் அங்கிருந்தே தொடங்கலாம்.