கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

தண்ணீரில் சந்தேகம் வந்தால் கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் நம் வீடுகளின் முதல் மருத்துவம். காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை பரவும் காலங்களில் அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, இன்றும் காக்கிறது. ஆனால் 2014 ஆகஸ்ட் 2 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டொலீடோ நகர மக்களுக்கு வந்த அறிவிப்பு வேறு: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்.

ஈரி ஏரி பச்சையானபோது

டொலீடோவுக்குக் குடிநீர் ஈரி ஏரியிலிருந்து வருகிறது. அந்தக் கோடையில் ஏரியின் மேற்குப் பகுதியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி பெருகி, நீர் எடுக்கும் இடத்தைச் சூழ்ந்தது. அது வெளியிடும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு, சுத்திகரித்த தண்ணீரிலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருந்தது. 4 லட்சம் பேர் ஆகஸ்ட் 4 வரை புட்டித் தண்ணீரை நம்பி இருந்தார்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்த நச்சு சிதையாது. பாசியின் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சும் நீரில் கலக்கும். நீர் ஆவியாகக் குறையக் குறைய நஞ்சின் அடர்த்தி கூடும்.

கல்லீரலைத் தேடிப் போகும் நஞ்சு

மைக்ரோசிஸ்டின் முதலில் தாக்குவது கல்லீரலை. பாசி படர்ந்த நீரில் குளித்தால் தோல் தடிப்பு, கண் எரிச்சல் வரலாம். விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. கரையோரம் விளையாடித் தண்ணீரை விழுங்கிவிடும் குழந்தைகளுக்கும், ஏரியில் தண்ணீர் குடிக்கும் மாடு, நாய்களுக்கும் ஆபத்து அதிகம்.

மிகக் கொடுமையான பாடம் 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் கிடைத்தது. ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த நீர்த்தேக்கத் தண்ணீர் முறையாகச் சுத்திகரிக்கப்படவில்லை. அதிலிருந்த பாசி நச்சு நேரே ரத்தத்தில் கலந்து, 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள்.

பாசியைக் கொல்ல மருந்து போட்டால் தீருமா? ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் அணை நீரில் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. செத்த செல்களிலிருந்து நஞ்சு வெளியேறி 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். பாசி பெருகிய பிறகு செய்யும் வைத்தியத்தை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

பாசிக்குத் தீனி போடுவது யார்?

கனடாவின் ஒன்டாரியோவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு சிறிய ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகிப் போனது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பாஸ்பரஸ் சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் இருக்கிறது, உரத்திலும் சாணத்திலும் இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து, கழிவுநீர் வழியாகவும் சோப்புத்தூள் வழியாகவும் வரும் பாஸ்பரஸைக் குறைத்தன. ஈரி ஏரி தேறியது. சில பத்தாண்டுகளில் பாசி திரும்பியது, இம்முறை மாமீ ஆற்றின் வழியே வயல்களிலிருந்து. சாக்கடைக் குழாயை அடைத்துவிடலாம். மழை பெய்யும்போது ஆயிரம் வயல்களிலிருந்து ஒழுகி வருவதை எந்த ஒரு இடத்தில் அடைப்பது?

கயிற்றில் கட்டிய தட்டு

ஏரி கெடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆய்வகம் எப்போதாவது ஒருமுறைதான் நீர் எடுக்கிறது, செயற்கைக்கோளை மேகம் மறைக்கிறது. வாரந்தோறும் பார்ப்பவர் கரையில் வாழ்பவர்தான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1971-இலும் மின்னசோட்டாவில் 1973-இலும் ஏரிக்கரை மக்களைக் கொண்டே நீரின் தெளிவை அளக்கும் திட்டங்கள் தொடங்கின.

பாசி பெருகினால் தெளிவு குறையும். அதை அளக்கும் கருவி மிக எளியது. இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865-இல் கடலில் சோதித்த வெள்ளைத் தட்டிலிருந்து வந்தது. இப்போது ஏரிகளில் பயன்படுவது 20 சென்டிமீட்டர் அகலத்தில், நான்கு பகுதிகளாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய தட்டு. அடியில் எடை கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி போட்ட கயிற்றில் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். வெயில் நன்றாக இருக்கும் நடுப்பகலில், நிழல் விழும் பக்கமாக இறக்குவது நல்லது. ஒரு தடவை அளந்த எண்ணுக்குப் பெரிய பொருளில்லை. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் எழுதிய நோட்டுப்புத்தகத்தை எந்த அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது.

நம் ஏரியில் செய்யும்போது

நம் ஏரிகளில் மழைக்குப்பின் வண்டல் மண்ணாலும் நீர் கலங்கும். ஆகவே ஆழத்தோடு நிறம், வாடை, செத்து மிதக்கும் மீன், ஆகாயத்தாமரை படர்ந்த அளவு, எந்த வாய்க்காலில் நுரை வருகிறது என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி, படமும் எடுத்து வைக்க வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. மதகின் மேல் நின்றே அளக்கலாம், ஆனால் தனியாகப் போகக் கூடாது.

பச்சையெல்லாம் நஞ்சல்ல. ஒரு நீளக் குச்சியால் பாசியை எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட் பூசியதுபோல் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நோட்டுக் குறிப்பையும் படத்தையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைகளையும் மாடுகளையும் அந்தக் கரைப்பக்கம் விட வேண்டாம்.

அப்படிப்பட்ட நீரில் குளித்த பிறகு தடிப்போ வாந்தியோ வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் ஏரியில் குளித்ததையும் நீரின் நிறத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முந்தின நாள் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம் போகும்.