புது ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல மைக்கை சரியான இடத்துல வைங்க!

தஞ்சாவூர் அரண்மனையில் சங்கீத மகால் இருக்கு. பாட்டு, நாட்டியத்துக்குன்னே கட்டின மண்டபம். நம்ம வீட்டு ஹால் அப்படியா? டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். இளையராஜா பாட்டோட பேஸ் கிடார் மூலையில் 'கும்'முனு அதிரும். நடு ஹாலில் சில நோட்ஸ் காணாமலே போயிடும்.

12 அடி நீள அறையில், சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர் சுவர்களில் மோதி, சுவரோரம் வலுத்து நடுவில் தேயும். இதை மைக்கால் அளந்து முடிந்தவரை சரிசெய்வதுதான் 'ரூம் கரெக்‌ஷன்'.

எந்த மைக்?

ஏவி ரிசீவரோடு மைக் வந்திருந்தா அதையே பயன்படுத்துங்க. வேற மைக் போட்டா கணக்கு தப்பும். லேப்டாப்பில் அளக்க, 'யூமிக்-1' மாதிரியான யூஎஸ்பி மெஷர்மென்ட் மைக்கும், இலவசமா கிடைக்கும் 'ஆர்இடபிள்யூ' சாஃப்ட்வேரும் போதும். அந்த மைக்கோட சீரியல் நம்பருக்கான கேலிபரேஷன் ஃபைலை மறக்காம டவுன்லோடு பண்ணுங்க. கரோக்கி மைக் வேண்டாம். அது முன்பக்க ஒலியைத்தான் அதிகமா வாங்கும். போன் மைக்கும் பேச்சுக்காக ட்யூன் பண்ணினது.

எங்கே வைக்கணும்?

* நீங்க உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ட்ரைபாடில். கையில் பிடிக்காதீங்க, சோபா முதுகிலும் வைக்காதீங்க.
* ரிசீவர் மைக் கூரையைப் பார்க்கணும். யூமிக்-1 ஸ்பீக்கர்களை நோக்கி இருந்தா 0 டிகிரி ஃபைல். கூரையை நோக்கினா 90 டிகிரி ஃபைல்.
* முதல் அளவு நடு இருக்கையில். அடுத்தவை அதைச் சுற்றி ஒன்றிரண்டு அடிக்குள்.
* ஃபேன், ஏசி, போர் மோட்டார் எல்லாம் ஆஃப். வயலோர வீடுன்னா ஜன்னலையும் சாத்துங்க. மழைக்காலத் தவளைக் கச்சேரியும் மைக்கில் ஏறிடும்!

இதை மட்டும் செய்யாதீங்க

கிராஃபில் ஆழமான பள்ளம் தெரிஞ்சா ஈக்வலைசரில் ஏத்தாதீங்க. 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு பவர் கொடுக்கணும். அப்பவும் பள்ளம் நிரம்பாது, ஸ்பீக்கர்தான் கெடும். நாற்காலியை ஒரு அடி பின்னுக்குத் தள்ளி மறுபடி அளங்க. எதிரொலிக்கு தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்கு கனமான திரை. இவ்வளவுக்கும் பிறகு குறை இருந்தா, அப்புறம் ஸ்பீக்கர் கடைக்குப் போகலாம்.