ஜாஸ் இசையும் கறுப்பினப் பாடகரும்

ஜாஸ் என்றவுடன் ஊதுகருவிகளும் முரசுகளும் எழுப்பும் பேரொலியே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். ஆயின், அவ்விசையின் வரலாற்றை ஆராயுமிடத்து, அக்கருவிகளுக்கு ஆசானாய் நின்றது மனிதக் குரலே என்பது புலனாகும்.

ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பருத்தி வயல்களில் உழைத்தனர். ஒருவர் பாடப் பலர் மறுமொழியாகப் பாடுதல் அவர்தம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அம்முறை தேவாலயப் பாடல்களிலும், ‘புளூஸ்’ எனும் துயரிசையிலும் நிலைபெற்றது. சுரத்தைச் சற்றே வளைத்தும் தாழ்த்தியும் பாடும் அப்புளூஸ் மரபு, நியூ ஓர்லியன்ஸ் நகரத்து அணிவகுப்பு வாத்தியங்களோடு கலந்தபோது ஜாஸ் உருப்பெற்றது.

1920இல் மேமி சிமித் பாடிய புளூஸ் இசைத்தட்டுப் பெருந்தொகையாய் விற்பனையாயிற்று. அதுவரை கறுப்பினப் பாடகியரைப் பெரிதும் புறக்கணித்திருந்த வணிகர் அவர்களைத் தேடலாயினர். 1925இல் பெசி சிமித் பாடிய ‘சென் லூயிஸ் புளூஸ்’ தட்டிலே, அவர் ஓரடியைப் பாடி நிறுத்த, லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கோர்னெட் எனும் ஊதுகருவி மறுமொழி கூறுகின்றது. வயல்வெளி மரபின் எதிரொலியன்றோ இது! மறு ஆண்டில் ஆம்ஸ்ட்ரோங் பொருளற்ற அசைகளைக் கருவியின் ஒலிபோல் பாடிப் பதிவு செய்தார். ‘ஸ்கற்’ எனப்படும் அம்முறையைப் பின்னாளில் எல்லா பிட்ஸ்ஜெரால்ட் உச்சநிலைக்கு உயர்த்தினார். கருவிக்குக் கற்பித்த குரல், கருவியிடமிருந்தும் கற்றுக்கொண்டது.

எனினும், பாடலை விரும்பியோர் பாடியோரை மதித்தாரல்லர். பில்லி ஹொலிடே 1938இல் வெள்ளையர் இசைக்குழுவொன்றிற் பாடிச் சுற்றியபோது, தம் குழுவினர் தங்கிய விடுதிகளிலும் உண்ட உணவகங்களிலும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதுண்டு. மறு ஆண்டில், கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரங்களிலே தூக்கிலிட்ட கொடுமையைக் கூறும் ‘விசித்திரக் கனி’ எனும் பாடலை அவர் பாடினார். அவரோடு ஒப்பந்தஞ் செய்திருந்த நிறுவனம் அதனைப் பதிவுசெய்ய மறுக்கவே, சிறு நிறுவனமொன்று பதிவு செய்தது. 1999இல் ‘டைம்’ சஞ்சிகை அதனையே அந்நூற்றாண்டின் பாடலெனத் தெரிவு செய்தது. ஹொலிடே 1959இலேயே மறைந்துவிட்டார்.

கலையைத் தழுவிக் கலைஞரைத் தள்ளுதல் எந்நாட்டிலும் அறமாகாது. ஜாஸைக் கேட்டு மகிழும் நாம், அதற்கு உயிர்தந்த குரல்களை அறிந்து போற்றுதல் நம் கடனாகும்.