வண்டலூரும் வடநெம்மேலியும்

உயிரியல் பூங்காக்களில் எது முக்கியமானது என்ற கேள்விக்கு வயது, பரப்பு, விலங்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வைத்தே பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது. மூன்றும் எளிதில் அளக்கக்கூடியவை. ஆனால் அந்தப் பூங்கா இல்லாமல் போயிருந்தால் எந்த உயிரினம் அழிந்திருக்கும், எந்த அறிவு நமக்குக் கிட்டாமல் போயிருக்கும் என்பதை அவை காட்டுவதில்லை. அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் செங்கல்பட்டு மாவட்டத்தைப் போன்ற இடம் அரிது. இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சி சாலையின் வாரிசு வண்டலூரில் இருக்கிறது. கல்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, மாமல்லபுரத்தைத் தாண்டிச் சுமார் 15 கி.மீ. போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது.

முதலில் வரலாறு. இன்றும் இயங்கும் பூங்காக்களில் மிகப் பழையது 1752இல் வியன்னாவில் அரச குடும்பத்துக்காக உருவான ஷோன்புருன். 1828இல் திறந்த லண்டன் பூங்கா அறிவியல் ஆய்வுக்கென்று பிறந்தது. பொதுமக்கள் உள்ளே போக 1847 வரை காத்திருந்தார்கள். சென்னை அதிகம் பிந்தவில்லை. அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855இல் எழும்பூர் பாந்தியன் சாலை வளாகத்திலேயே காட்சிசாலை தொடங்கினார். அரண்மனைச் சொத்தாக இருந்த விலங்குகளைச் சாதாரண மக்கள் பார்க்கக் கிடைத்தது அப்போதுதான். 1863இல் அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். கொல்கத்தாவின் அலிப்பூர் பூங்கா திறந்தது 1876இல்தான்.

நகரம் பெருகப் பெருக, ரயிலுக்கும் சந்தைக்கும் நடுவில் விலங்குகள் நெருக்கடியில் வாழ்ந்தன. 1979இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரில் பணி தொடங்கியது, 1985இல் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி வெட்டி, விலங்கைத் திறந்த வெளியில் விடும் முறையைக் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க்கில் புகுத்தியிருந்தார். வண்டலூர் அதைக் காட்டுப் பரப்பில் செய்து காட்டியது. ஒரு பழைய நிறுவனம் தன் தவற்றை உணர்ந்து ஊரைவிட்டே வெளியேறியது சிறிய காரியமில்லை. வரலாற்றில் வண்டலூரின் இடம் அது தொடங்கிய ஆண்டால் மட்டுமின்றி, இந்த இடமாற்றத்தாலும் உறுதியாகிறது.

பாதுகாப்பு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. கூண்டில் உயிரோடு இருப்பதே காப்பாற்றப்பட்டதாகிவிடாது. வட அமெரிக்க வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவின் கடைசிப் பறவையான மார்த்தா, 1914இல் சின்சினாட்டி பூங்காவில்தான் இறந்தது. அரேபிய ஓரிக்ஸ் மான் பிழைத்தது வேறு வழியில். 1972இல் அது காட்டில் அற்றுப்போனது. ஆனால் 1963இலேயே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஒரு மந்தை சேர்க்கப்பட்டிருந்ததால் 1982இல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்ப முடிந்தது. டார்ஜிலிங் பூங்கா தன்னிடம் பிறந்த சிவப்புப் பாண்டாக்களைச் சிங்காலிலா காட்டில் விட்டது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பெரிய பூங்காக்களில் டார்ஜிலிங் முதலிடமும் வண்டலூர் இரண்டாமிடமும் பெற்றன. வண்டலூரில் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தக் குரங்குக்கு இது ஒரு காப்புத் தொகை.

ஆணையத்தின் மதிப்பீடு பூங்கா நிர்வாகத்தை எடைபோடும் பயனுள்ள கருவி. ஆனால் பெரிய பூங்காக்களுக்கான அந்தப் பட்டியலில் 8.5 ஏக்கர் முதலைப் பண்ணைக்கு இடமே இல்லை.

1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் தோலுக்காக வேட்டையாடப்பட்டுக் குறைந்திருந்தன. நீண்டு ஒடுங்கிய மூக்குடைய கரியால் முதலையில் வளர்ந்தவை 200கூட இல்லை என்று கணிக்கப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் வடநெம்மேலிக் கடற்கரை மணலில் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையை நிறுவினார்கள். ‘வங்கி’ என்றே அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். முட்டையிட்டுப் பெருகும் முதலைகளை மாநிலங்களுக்குக் கொடுப்பதே நோக்கம். நன்னீர் முதலைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகின. ஒரே ஆண்டில் ஒரு பெண் முதலை இரண்டு முறை முட்டையிடுவது இங்கே பதிவானது. 1,500க்கும் மேற்பட்ட முதலைகளும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் பல மாநில வனத்துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதைவிட நீடித்து நிற்பது இங்கே விளைந்த அறிவு. நன்னீர் முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 31 டிகிரி செல்சியஸ் வரை பெண் குஞ்சுகளே பிறக்கின்றன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் பிறக்கின்றன. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ராமுலஸ் விட்டேக்கர் ஆகியோர் இந்த ஆய்வை 1989இல் வெளியிட்டார்கள். பூமி சூடாகிவரும் இக்காலத்தில் முதலைகளின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடி மக்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முதலைப் பண்ணை வளாகத்தில்தான் வேரூன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு இந்த நஞ்சே முக்கிய ஆதாரம். செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உலகின் எந்தப் பெரிய பூங்காவும் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளப் பெருமைப்படும் பணி இது.

வெற்றியே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. 1990களின் நடுவில் முதலைகளைக் காட்டில் விடுவது நிறுத்தப்பட்டது. பண்ணையில் கூட்டம் பெருகியது. முட்டைகளை அகற்றித்தான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் ஏராளமான முதலைகள் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள மீட்பு மையத்துக்கு அனுப்பப்பட்டன. காட்டில் இடமில்லாமல் பூங்காவில் மட்டும் பெருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே பாடம். வடநெம்மேலி அதை உணர்ந்து ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறது. சம்பல் ஆற்றில் 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் மடிந்தபின், அங்கே அவற்றின் வாழ்வைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வை அறக்கட்டளை நடத்திவருகிறது. கரியால் இன்றும் மிக மோசமான அழிவு நிலையில்தான் இருக்கிறது.

வரலாற்றுக்கு வண்டலூர், பாதுகாப்புக்கு வடநெம்மேலி என்று தீர்ப்புச் சொல்வதில் தயங்க வேண்டியதில்லை. பாதுகாப்பில் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்திய அளவிலும் வடநெம்மேலியை முதல் வரிசையில் வைக்கலாம். வண்டலூரை அரசு நடத்துகிறது; முதலைப் பண்ணை பெரிதும் பார்வையாளர் கட்டணத்தை நம்பியிருக்கும் அறக்கட்டளை. 2020 ஊரடங்கில் வாயில் மூடியபோது விலங்குகளின் தீவனத்துக்கே பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. மாமல்லபுரச் சிற்பங்களைப் பார்க்க வரும் குடும்பங்கள் அந்தச் சாலையிலேயே ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி நுழைவுச்சீட்டு வாங்கினால், அந்தப் பணம் முதலைக்குத் தீனியாகவும் சம்பலில் நடக்கும் ஆய்வாகவும் மாறும்.